கொழும்புக்குப் போகாத இரண்டு மாதம்

தம்பி, இதை அம்மா நான் மில்லில் இருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் லைனில் திருத்த வேலை, காலையிலேயே கரண்ட் நின்றுவிட்டது. மா அரைக்க அரிசி கொண்டுவந்த இரண்டு பேரும் வாளியை வைத்துவிட்டு, பின்னேரம் வருகிறோம் என்று போய்விட்டார்கள். நீ படுத்திருக்கிற அறைக்கும் இந்த மேசைக்கும் நடுவில் ஒரு முற்றம்தான் இருக்கிறது. எழும்பி வந்து நேரே சொல்லலாம். மூன்று கிழமையாக அப்படித்தான் வந்தேன். முதல் வசனம் நன்றாக இருக்கும், இரண்டாவதில் குரல் ஏறும், மூன்றாவதில் "எழும்பிச் சீப்பெடுத்துத் தலையை இழடா" என்று கத்திவிட்டு வெளியே போய் நின்று அழுவேன். எழுதும்போது கத்த வராது, அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "எழுத்திலை வையாதையும். எழுத்து ஆற்றை கையிலையும் போய்ச் சேரும்," என்றார். போய்ச் சேரட்டும் என்றேன். இந்த வீட்டில் ஒளித்து வைத்தது போதும்.

வருகிற புதன்கிழமை உன் கலியாணத்துக்குப் பொன்னுருக்கு. பத்தர் எங்கள் வீட்டுக்கு வந்து, நல்ல நேரத்தில் தாலிக்கான பொன்னை உருக்கிவிட்டால், அதற்குப் பிறகு எங்கள் ஆக்கள் கலியாணத்தை நிறுத்துவதில்லை. அது முடிந்த காரியம் மாதிரி. அதனால்தான் நீ போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, கலியாணத்தை நிப்பாட்டுங்கோ. உங்களுக்கு வந்த வருத்தம் எனக்கும் வந்திட்டுது. ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கையைப் பாழாக்க என்னாலை ஏலாது," என்றாய். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "உங்களுக்கு அது வந்ததும் என்னாலைதானே," என்றாய். நான் எழும்பிக் குசினிக்குப் போய்க் குழம்பைக் கிண்டினேன். அடுப்பை நிறுத்தி அரை மணித்தியாலம் ஆன குழம்பு அது. அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அதற்குத்தான் பஞ்சம். மூன்று கிழமைக்கு முன்பு, உடுப்பிட்டியில் நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில், காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகளுக்கு முன்னால் நின்று ஏதோ அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தாய். திடீரென்று நெஞ்சு அடித்தது, கை நடுங்கியது, மூச்சு எடுக்க முடியவில்லை. செத்துவிடப் போகிறேன் என்று நினைத்தாய். உன்னோடு படிப்பிக்கிறவர்கள் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் சோதித்து, இதயத்தில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். "இது பதகளிப்பு, அம்மா, மனப்பயம் உடம்பிலை காட்டுறது. கனபேருக்கு வாறது. மருந்தும் இருக்கு, இருந்து கதைக்க ஆக்களும் இருக்கினம். அடுத்த கிழமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார் அந்த டொக்டர். சின்ன வயது, நல்ல பிள்ளை. அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் நான் என்ன செய்தேன்? உன் தலையைத் தடவினேனா? இல்லை. குனிந்து உன் காதுக்குள், "ஆருக்கும் சொல்லாதை. சம்பந்தி வீட்டுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுவம்," என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். கிளினிக்குக்கும் நாங்கள் போகவில்லை, ஆராவது கண்டுவிடுவார்கள் என்று. உனக்கு வந்ததை விட நான் அந்தக் கட்டிலடியில் சொன்னதுதான் உன்னை அறைக்குள் போட்டது என்று இப்போது நினைக்கிறேன். மன்னித்துக்கொள் என்று எழுதுவது சுலபம், அதனால் எழுதுகிறேன். வாயால் சொல்லவும் வருவேன்.

அந்தப் பொய் எனக்குப் பழகின பொய். உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான் இரண்டு மாதம் வீட்டில் இல்லை. சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, அம்மா கொழும்புக்கு உதவிக்குப் போய்விட்டா என்று அப்பா உனக்குச் சொன்னார், அயலுக்கும் சொன்னார், கோயில் ஐயருக்கும் சொன்னார். சின்னம்மாவின் பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம் கடந்துவிட்டது. நான் கொழும்புக்குப் போகவில்லை, தம்பி. இங்கிருந்து ஒரு மணித்தியாலப் பயணத்தில், மனநோய் வந்தவர்களைப் பார்க்கிற ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தேன். அப்பா சனிக்கிழமை சனிக்கிழமை சைக்கிளில் சந்திக்கு வந்து பஸ் பிடித்து என்னைப் பார்க்க வருவார், உரம் வாங்கப் போகிறேன் என்று உனக்குச் சொல்லிவிட்டு. வீட்டுக்கு வருகிற நாளில், வாட்டு வாசலில் வைத்து ஒரு விளையாட்டுக் காரை என் கையில் தந்து, "கொழும்பிலை வாங்கினது எண்டு குடும்," என்றார். நானும் அப்படியே சொல்லி உன்னிடம் தந்தேன்.

ஏன் அங்கே போனேன் என்றும் சொல்லத்தான் வேண்டும். சண்டையில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் நான் இரும்பு மாதிரி நின்றேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, சமையல் சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கும் தைரியம் சொல்லிக்கொண்டு நடந்தவள். ஊருக்குத் திரும்பி வந்து, கூரை போட்டு, களவு போன மோட்டருக்குப் பதிலாக இன்னொன்று பூட்டி, மில் ஓடத் தொடங்கி, உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, எல்லாம் சரிவந்த பிறகுதான் விழுந்தேன். ஆக்களுக்கு அது விளங்காது. எனக்கே விளங்கவில்லை. ஓடுகிற காலத்தில் யோசிக்க நேரமில்லை. நின்ற பிறகு மனம் தன்ரை பாட்டில் கதைக்கத் தொடங்கியது. நீ ஒன்றுக்கும் உதவாதவள், மனுசனுக்கும் மகனுக்கும் பாரம், நீ இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று விடியத் தொடங்கினால் படுக்கும் வரைக்கும் ஒரே கதை. அது என் மனம் சொல்கிற கதை என்று எனக்குத் தெரியாது. உண்மை என்றே நினைத்தேன். மில்லில் நின்று அழுவேன், கேட்டவர்களுக்கு மிளகாய்த் தூள் கண்ணில் பட்டது என்பேன். அதற்கு மேல் எழுத மாட்டேன். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனது நல்ல நேரத்தில். அவர் பொய் சொன்னார் என்று நான் குறை சொன்னாலும், கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

வாட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊர்ப் பக்கத்து மனுசி ஒருவர் இருந்தா. பெயர் எழுத மாட்டேன், காரணம் பிறகு சொல்கிறேன். இரண்டு கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரித்தான் கிடந்தோம். ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் மிளகாய்ச் சம்பலும் வந்தது. நான் ஒரு வாய் வைத்துவிட்டு, யோசிக்காமல், "உது மிளகாய்த் தூளே? செங்கல்லை இடிச்சுப் போட்டிருக்கிறாங்கள்," என்றேன். அந்த மனுசி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா. "அப்ப நீர் மில்லுக்காரிதான். நான் வந்த நாளே நினைச்சனான்," என்றா. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. நேர்ஸ் மிஸி வந்து என்ன என்று பார்த்துவிட்டுப் போனா. பத்து நிமிசம் இருக்கும், இரண்டு பேரும் செங்கல்லைப் பற்றியே கதைத்துக் கதைத்துச் சிரித்தோம். பிறகு கோப்பையைக் கழுவ எழும்பினேன். பைப்படியில் நிற்கிறபோது, "இஞ்சை சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய், அங்கை உன்ரை பிள்ளை தாயில்லாமல் நிக்குது," என்று மனம் சொன்னது. சொன்ன மறுகணம் நெஞ்சில் பழைய பாரம் வந்து இறங்கியது.

அந்தப் பைப்படியில்தான் நான் முதல் முறை பார்த்தேன், தம்பி. நினைப்பு முன்னுக்கு வந்தது, பாரம் பின்னுக்கு வந்தது. எனக்கு எப்போதும் பாரம்தான் முதல் என்று எண்ணம். எனக்குப் பாரமாக இருக்கிறது, அதனால் இப்படி நினைக்கிறேன் என்று. அது மற்றப் பக்கம். அந்தப் பத்து நிமிசமும் என்னைச் சுற்றி ஒன்றும் மாறவில்லை. நீ இல்லை, அப்பா இல்லை, அதே வாட், அதே கட்டில். ஆனால் நான் முழு மனுசியாக இருந்தேன். சம்பலுக்குக் குறை சொல்கிற பழைய மில்லுக்காரி அப்படியே இருந்தாள். அவளை ஒருவரும் வெளியில் இருந்து கொண்டுவந்து வைக்கவில்லை. நினைப்பு கொஞ்சம் விலகினதும் அவள் தானாக எழும்பி வந்தாள். செத்துப்போனாள் என்று நான் நினைத்தவள் அவள். அன்றைக்குப் பின்னேரம் டொக்டரிடம் இதை ஆர்வமாகச் சொன்னேன், மாத்திரையைக் குறைப்பார் என்று. "நல்ல விசயம் அம்மா," என்று எழுதிக்கொண்டார். மாத்திரை ஒன்றும் குறையவில்லை.

அடுத்த நாளே எல்லாம் வெளித்துவிட்டது என்று நினைக்காதே. பாரம் வந்து வந்து போனது. ஆனால் அது வரும்போது, இதுக்கு முன்னுக்கு என்ன நினைச்சனான் என்று திரும்பிப் பார்க்கப் பழகினேன். சில நாள் பிடிபடும், கனநாள் பிடிபடாது. பிடிபடாத நாளிலும் ஒன்று தெரிந்தது, நான் அதை ஓட்டிக் கலைக்கத் தேவையில்லை. அதோடு மல்லுக்கட்டினால் இன்னும் நிற்கும். விட்டால் தன்ரை பாட்டில் போகும், அது போனால் நான் இருப்பேன். மாத்திரை என்னை நித்திரை கொள்ள வைத்தது, சாப்பிட வைத்தது. அது இல்லாமல் நான் பைப்படி வரைக்கும் நடந்திருக்க மாட்டேன். மூன்று வருசம் போட்டேன். பிறகு நிறுத்தினார்கள், இடையில் ஒரு முறை திரும்பவும் ஆறு மாதம் போட்டேன். நீ பல்கலைக்கழகத்தில் இருந்த நேரம் அது. அதையும் உனக்குச் சொல்லவில்லை.

நல்லதையே நினை என்று சொல்ல நான் வரவில்லை. அது எனக்கே வராது, என் வாய் உனக்குத் தெரியும். எல்லாம் நினைப்புத்தான் என்றும் சொல்ல மாட்டேன். செல் குண்டு விழுந்தது நினைப்பு இல்லை. கூரை போனது நினைப்பு இல்லை. உனக்கு அன்றைக்குக் கை நடுங்கியதும் நினைப்பு இல்லை, நடுங்கியது. ஆனால் அந்த நடுக்கத்தைக் கண்டு, இது அம்மாவுக்கு வந்தது, நான் முடிந்தேன் என்று உன் மனம் சொன்னதே, அது அதன் மேல் நீ போட்டது. அதைக் கேட்டு உடம்பு இன்னும் நடுங்கியது. அதைக் கண்டு மனம் இன்னும் சொன்னது. மில்லில் புதிதாக நிற்கிறவர்கள் மிளகாய் அரைத்த மெசினைத் துடைக்காமல் அரிசியைப் போட்டுவிட்டால் மா உறைக்கும். வாங்கிப் போனவ புட்டு அவித்துத் தின்றுவிட்டு, அரிசி பழுது என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போவா. அரிசியில் என்ன பிழை? நீ பழுதான அரிசி இல்லை, தம்பி. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது, ஒரு வாட்டுக் கோப்பையைக் கழுவுகிறபோது தெரிந்தது.

இனி உன்னுடைய இரண்டு மாதத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்கு அது தெரியாது. நான் குழம்பைக் கிண்டிவிட்டுத் திரும்பி வந்து கேட்டபோது, நீ சுவரைப் பார்த்தபடியே சொன்னாய். நான் போனதற்கு முதல் நாள் நீ கேற்றைத் திறந்து விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாயாம். ஆடு வெளியே போய் அயல்வீட்டுப் பயிற்றைக் கொடியை மேய்ந்துவிட்டதாம். நான் உன்னைப் பிடித்து உலுப்பி, "உங்களோடை மாரடிக்கிறதிலும் நான் எங்கையாவது போய்த் துலையலாம்," என்று கத்தினேனாம். விடிய எழும்பிப் பார்த்தால் நான் இல்லை. கொழும்பு என்றார்கள். நீ நம்பவில்லை. அம்மா சொன்னபடியே போய்விட்டா, என்னால்தான் போய்விட்டா என்று நினைத்தாய். பதினேழு வயதில் அலுமாரிக்குள் என் மருந்தெல்லாம் எழுதின கிளினிக் கொப்பியைக் கண்டாய். கண்டபோதும் உன் நினைப்பு மாறவில்லை, இன்னும் பெரிதானது. அம்மாவை விசராக்கினதும் நான்தான் என்று ஆக்கிக்கொண்டாய்.

எனக்கு அந்த ஆடு நினைவில்லை, தம்பி. கத்தினதும் நினைவில்லை. அந்த நாள்களில் நான் ஆட்டுக்கும் கத்தினேன், அடுப்புக்கும் கத்தினேன். எனக்கு நினைவே இல்லாத ஒரு வசனத்தை நீ இருபத்துமூன்று வருசம் சுமந்திருக்கிறாய். பொழுதுபட்டால் நீ கேற்றைப் போய்ப் பார்ப்பாய், பூட்டுவாய், திரும்பவும் போய்ப் பார்ப்பாய். நான் அதை மில்லில் நிற்கிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னேன். "என்ரை மகன் கேற்றை ரெண்டு தரம் பாக்காமல் படுக்கமாட்டான், அவ்வளவு பொறுப்பு," என்று. எத்தனை பேருக்குச் சொன்னேன்! ஐயோ, பிள்ளை பயந்து பயந்து பூட்டினதை நான் கண்காட்சி வைத்தேனே. அப்பா மறைத்தது உன்னை நோகாமல் வைத்திருக்கத்தான். நானும் அதற்குத்தான். ஆனால் சொல்லாமல் விட்ட இடத்தில் பிள்ளை தானாக ஒன்றைச் சொல்லி நிரப்பிக்கொள்ளும், அது எப்போதும் தன் மேல் பழி போட்டுத்தான் நிரப்பும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒரே வீட்டில் ஒரே இரண்டு மாதம். அப்பா மானம் போகப் போகிறது என்று அதில் இருந்தார். நான் பாரம் என்று இருந்தேன். நீ குற்றவாளி என்று இருந்தாய். ஒருவர் மற்றவரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

பக்கத்துக் கட்டில் மனுசியின் கதையையும் முடிக்க வேண்டும். இது நான் செய்த பிழைகளில் பெரியது, உன் அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் ஊரில் கலியாணம் பேசினால் மில்லில்தான் விசாரிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். கால் கிலோ மிளகாயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உந்தக் குடும்பம் எப்பிடி, பரம்பரையிலை ஏதும் வருத்தம், நோய்?" என்று கேட்பார்கள். வாட்டால் வந்த பிறகு அந்த மனுசி மாதத்துக்கு இரண்டு முறை பனங்கிழங்கு ஒடியல் மா அரைக்க வருவா. நாங்கள் வாட்டைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. என்னைப் பற்றி அவ ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ஒரு நாள் அவவின் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டு ஒரு மாப்பிள்ளைப் பகுதி என்னிடம் விசாரிக்க வந்தது. நான், "நல்ல ஆக்கள்," என்றேன். "வருத்தம் ஏதும்?" என்றார்கள். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். உமக்கெப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது, என்னுடையதும் வெளியில் வந்துவிடுமே என்று ஒரு நினைப்பு வந்தது. பதிலுக்குச் சுவிச்சைப் போட்டு மெசினை ஓடவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை பிறகு வேறு இடத்தில் கட்டி நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் அது என் கணக்கில் வராது. தாய் இப்பவும் வந்து, "எப்பிடி இருக்கிறீர்?" என்று சிரிக்கிறா. அவவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். பெயர் எழுதாததற்குக் காரணம், ஒரு முறை காட்டிக்கொடுத்தது போதும் என்பதுதான்.

அதனால்தான் நேற்றுப் போனேன். மெசினுக்குப் பெல்ட் வாங்க யாழ்ப்பாணம் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அதுவும் பொய்தான், பழக்கம் ஒரு நாளில் விடாது. யாழ்ப்பாணத்தில் இறங்கித் தெல்லிப்பழை பஸ் எடுத்து, உனக்குப் பேசின வினோவின் வீட்டுக்குப் போனேன். தாயும் தகப்பனும் இருந்தார்கள், பிள்ளையும் சனிக்கிழமை என்றபடியால் வீட்டில் இருந்தாள். தேத்தண்ணி வந்தது. அதை எடுக்க முதல், "மகனுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னது பொய்," என்றேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னேன். நான் வாட்டில் இருந்த இரண்டு மாதத்தையும் சொன்னேன். பிறகுதான் தேத்தண்ணியை எடுத்தேன், பாதி சீலையில் ஊற்றுப்பட்டது. நான் சாகவில்லை.

தாய் சீலையைத் துடைக்க ஒரு துணியைத் தந்தா. பிறகு, "ஏன் அக்கா இதை இப்ப வந்து சொல்லுறியள்? நாள் எல்லாம் வைச்சாச்சு," என்றா. "பொன்னுருக்கினாப் பிறகு சொன்னால் அது சொன்னது இல்லைத் தங்கச்சி, உங்களை மாட்டிவிட்டது," என்றேன். தகப்பன் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு, சரி, எல்லாம் முடிந்தது, நீ கேட்டதையே நான் செய்துவிட்டேன் என்று வந்தது. அப்போது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ரை அக்காவும் கனகாலம் உந்த மருந்து எடுத்தவ. நாங்களும் உங்களுக்குச் சொல்லேல்லை," என்றார். தாய் திரும்பி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர் இன்றைக்கும் அதிலிருந்து எழும்பியிருக்க மாட்டார். "என்னத்துக்கு முழுசுறீர், மனுசி வந்து உண்மையைச் சொல்லுறா, நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதே?" என்றார். தங்களுக்கு மறுப்பில்லை, பிள்ளைகள் இரண்டும் கதைத்து முடிவெடுக்கட்டும் என்றார்கள். வினோ அவ்வளவு நேரமும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் எடுக்கிற இடம் வரைக்கும் வாறன் மாமி என்று என்னோடு நடந்தாள். பாதித் தூரம் வந்ததும் நின்றுவிட்டாள். "மாமி, மூண்டு கிழமையா அவர் போன் எடுக்கேல்லை. காய்ச்சல்காரன் ஒரு மெசேஜுக்குக் கூடவா பதில் போடமாட்டார்? நான் என்ன நினைச்சனான் தெரியுமோ?" என்றாள். "உடுப்பு எடுக்கப் போன அண்டைக்கு, அவர் ஒண்டுக்கும் வாய் திறக்கிறார் இல்லையெண்டு நான் கடைக்குள்ளை வைச்சு ஏசிப்போட்டன். ஆக்கள் எல்லாம் பாத்தவை. அதோடைதான் அவருக்கு என்னைப் பிடிக்காமல் போட்டுது எண்டு நினைச்சன். என்னாலைதான், என்ரை வாயாலைதான் எண்டு மூண்டு கிழமையா நான் அழாத நாள் இல்லை." உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தாள். என்னை விடப் பெரிய வாய்க்காரி என்று உன் சின்னம்மா சொன்ன பிள்ளை அது.

நான் ரோட்டில் நின்று அழுதேன், தம்பி. போகிற வருகிற ஆக்கள் பார்த்தார்கள். ஒன்பது வயதில் உன் முகத்தை நான் பார்க்கவில்லை, கட்டிலில் கிடந்தேன். நேற்று அதை வேறொரு பிள்ளையின் முகத்தில் பார்த்தேன். அதே பொய்யைத் திரும்பச் சொன்னேன், அது திரும்ப அதே வேலையைச் செய்திருக்கிறது. "உம்மாலை இல்லைப் பிள்ளை," என்று அவளுக்குச் சொன்னேன். தலையாட்டினாள். நம்பவில்லை. "வேண்டாம் எண்டாலும் பரவாயில்லை மாமி, அதை அவரே சொல்லட்டும்," என்றாள். பஸ் வந்தது, ஏற்றிவிட்டுப் போனாள்.

கலியாணம் நடக்கத்தான் வேண்டும் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. புதன்கிழமை பொன்னுருக்கப் பத்தரை வரச் சொல்வதும் மறிப்பதும் நீயும் அவளும் கதைத்துச் சொல்லுங்கள், அப்பாவைக் கொண்டு செய்விக்கிறேன். செவ்வாய்க்கிழமை கிளினிக், அதற்கு மட்டும் நான் உன்னைக் கேட்கப் போவதில்லை, கூட்டிக்கொண்டு போவேன். ஆரும் கண்டால் காணட்டும். நெஞ்சு திரும்பவும் அடிக்கலாம், அடித்தால் அடிக்கட்டும், அதற்குப் பிறகும் நீ இருப்பாய். ஒன்றை மட்டும் இருபத்துமூன்று வருசம் பிந்தி எழுதுகிறேன். நான் போனது உன்னால் இல்லை. நீ என்ன செய்திருந்தாலும் போயிருப்பேன், நீ இருந்தபடியால்தான் திரும்பி வந்தேன். இதை உனக்கு ஒன்பது வயதில் ஒருவரும் வந்து சொல்லவில்லை. வினோ அதே இடத்தில் மூன்று கிழமையாக நிற்கிறாள். இந்த உலகத்தில் அது எப்படி இருக்கும் என்று உன்னைப் போல் தெரிந்த ஆள் வேறு இல்லை, நீ சொன்னால் நம்புவாள். போனை எடு, ராசா. வேறு ஒன்றும் சொல்ல வராவிட்டால் காரியமில்லை, "உம்மாலை இல்லை" என்று மட்டும் சொல்.

அம்மா